இரவற் கப்பலில் அளந்த கடல்: சூழலாய்வும் அரசின் கடமையும்

“இவ்வாய்வினால் நாட்டுக்கு வரும் வருமானம் யாது?” என்னும் வினா அண்மைக் காலங்களிலே பல்கலைக்கழகங்களின் வாயில்களில் அடிக்கடி ஒலிக்கின்றது. திறைசேரி அதிகாரிகள் கேட்கின்றனர், அமைச்சர்கள் கேட்கின்றனர், கடன் தந்தோரின் ஆலோசகர்களும் கேட்கின்றனர். 2022 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென இலங்கை அரசாங்கம் கைவிரித்த பின்னர் இவ்வினாவுக்கு ஒருவகைப் புனிதமே ஏறிவிட்டது எனலாம். தவளைகளை எண்ணுவோருக்கும், கடற்பஞ்சுகளை வகைப்படுத்துவோருக்கும், கிணற்று நீரை மாதந்தோறும் அளப்போருக்கும் வறிய நாடொன்று சம்பளம் கொடுப்பதா என்று கேட்பவர், தம்மை நாட்டின் நலம் நாடுபவராகவே கருதிக்கொள்கின்றார். அவர் கருத்தை எளிதிலே தள்ளிவிடலாகாது. ஆயின், அவர் எண்ணுவது போல இக்கேள்வி புதியதன்று. இத்தீவிலே அது நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகின்றது. அதற்குரிய விடையும் பெருவிலை கொடுத்துப் பலமுறை பெறப்பட்டுள்ளது. பெற்ற விடையை மறந்துவிடுவதே இங்கு ஆட்சியின் மரபாகியுள்ளது.

கோப்பிப் பயிரின் கதையை முதலில் நோக்கலாம். 1869 இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களிலே கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி தோன்றியது. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவைற்ஸ் அதன் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பேர்க்லி என்னும் அறிஞர் அது புதியதொரு பங்கசு இனமென அவ்வாண்டிலேயே விவரித்துப் பெயரிட்டார். நோய்க்குப் பெயர் கிடைத்தது. நோயை ஆராய்தற்கு ஆள் கிடைக்கவில்லை. கோப்பி விலை உயர்ந்திருந்த காலமாதலின் தோட்ட முதலாளிமார் மேலும் காடழித்தனர், மேலும் நட்டனர். அந்நோயை ஆராய்தற்கென்றே மார்ஷல் வோர்ட் என்னும் இளந் தாவரவியலாளர் அரச செலவில் வந்து சேர்ந்தது 1880 இலேயாகும். காற்றிலே செல்லும் வித்திகளே நோயைக் காவுகின்றன என்பதையும், இடைவெளியின்றி ஒரே பயிரை மலைமேல் மலையாகப் பரப்பியமையே அதற்கு வழி திறந்தது என்பதையும் இரண்டாண்டுகளுக்குள் அவர் காட்டினார். அப்பொழுது பயிர் தப்பும் கட்டத்தைக் கடந்திருந்தது.

இத்தீவின் பெருஞ்செல்வர் அந்நாளில் தோட்ட முதலாளிகளே. அவர்கள் தத்தம் தோட்டத்தளவிலே சுண்ணாம்பையும் கந்தகத்தையும் தூவிப் பார்த்தனர். அயற்றோட்டத்திலிருந்து காற்றிலே வரும் நோய்க்குத் தனியொருவர் தம் வேலிக்குள் செய்யும் செலவு எப்பயனைத் தரும்? ஆய்வின் பயன் எல்லார்க்கும் செல்வதாயின், அதன் செலவை அயலவன் ஏற்கட்டும் என ஒவ்வொருவரும் காத்திருப்பர். இது மனிதரின் பேராசையினால் மட்டும் விளைவதன்று. தனியுடைமை அமைப்பின் இயல்பே இதுதான். பின்னர் முதலாளிகளிற் பலர் தேயிலைக்கு மாறிக்கொண்டனர். தென்னிந்தியாவிலிருந்து காட்டுவழியே நடந்து வந்து அத்தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளரோ பல இடங்களில் நிலுவைக் கூலியையும் இழந்து நின்றனர். ஆராயப்படாத நோய்க்கு ஈற்றிலே விலை கொடுத்தவர் யாவர் என்பது இதனாற் புலனாகும்.

கோப்பி முதலாளிகளின் சொத்து. முத்துச் சலாபமோ அரசின் சொத்து. ஆகையால் அங்கே அரசு வேறுவகையாக நடந்துகொண்டமை ஆச்சரியத்துக்குரியதன்று. மன்னார்க் குடாவின் முத்துப் பார்களில் 1891 இன் பின்னர் பல ஆண்டுகள் குளிப்பு நிகழவில்லை. சிப்பிகள் தோன்றுவதும், வளர்வதற்கு முன்னரே மறைந்துபோவதும் மாறிமாறி நிகழ்ந்தன. திறைசேரிக்கு வந்த பெருவருமானம் நின்றதும் குடியேற்ற நாட்டு அரசாங்கம் விஞ்ஞானத்தை நினைத்தது. லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் 1902 இல் அழைத்து வரப்பட்டார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னல் இங்கேயே தங்கி வேலையைத் தொடர்ந்தார். அவ்வாய்வின் பேறாக ஐந்து பெருந் தொகுதிகளைக் கொண்ட அறிக்கையொன்றை 1903 தொடக்கம் 1906 வரை லண்டன் அரச கழகம் வெளியிட்டது.

அவ்வறிக்கை முத்துச் சிப்பியோடு நின்றுவிடவில்லை. பார்களின் தரையமைப்பு, நீரோட்டம், சிப்பியைத் தின்னும் மீன்கள், அதனுள் வாழும் ஒட்டுண்ணிகள் என்பன மட்டுமன்றி, கடற்பஞ்சுகள், பவளங்கள், நண்டுகள், புழுக்கள் என அக்குடாவின் உயிரினங்கள் வகைவகையாக அதிலே பதிவாயின. முத்துக்காகச் செலவிட்ட அரசாங்கம் அவற்றை வேண்டாத சுமையெனவே எண்ணியிருத்தல் கூடும். இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. முத்துக் குளிப்பு மறைந்தது. சலாபத்தின் நிமித்தம் ஆளுநர் கட்டிய அரிப்பு மாளிகையும் கடலரிப்பினால் இடிந்து கிடக்கின்றது. எஞ்சி நிற்பது அப்பட்டியலே. மன்னார்க் குடாவில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் யாது இருந்தது என்று எவரேனும் அறிய விரும்பின், அவர் செல்ல வேண்டிய இடம் அவ்வைந்து தொகுதிகள்தாம்.

இக்கதைக்கு ஒரு பின்னிணைப்பும் உண்டு. அறிக்கை முற்றுப்பெற்ற 1906 ஆம் ஆண்டிலேயே, பார்களை லண்டன் கம்பனியொன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு அரசாங்கம் கொடுத்துவிட்டது. விஞ்ஞானம் அடித்தளம் இட்டாயிற்று, இனித் தனியார் முயற்சி கட்டடத்தை எழுப்பும் என்பதே அன்றைய நம்பிக்கை. இன்றும் அதே சொற்கள் வரவு செலவுத் திட்ட உரைகளிலே கேட்கின்றன. 1907 இன் பின்னர் நெடுங்காலம் குளிப்பு நிகழவில்லை. இலாபம் கிட்டாத கம்பனி குத்தகைக் காலம் முடியுமுன்னரே கைகழுவியது. பத்தாண்டுக்கொரு முறை தழைத்து, இடையிலே காரணமின்றி ஒழிவதுபோலத் தோன்றும் உயிரினமொன்றைப் புரிந்துகொள்ளப் பத்தாண்டுகள் பலவற்றின் கணக்கு வேண்டும். பங்குதாரருக்கு ஆண்டுதோறும் இலாபப் பங்கு பிரிக்க வேண்டிய நிறுவனம் அவ்வளவு காலம் பார்த்திருக்க இயலுமா?

சூழலாய்வின் தனித்தன்மை இங்கேதான் உள்ளது. பாலம் ஒன்றைக் கட்டாது விட்டால் பின்னொரு நாள் கட்டலாம். செலவு சற்றே கூடும், அவ்வளவே. 1995 ஆம் ஆண்டு மாரியிலே அளக்காது விட்ட கிணற்று நீரை இனி எவரும் அளக்க முடியாது. கழிந்த ஆண்டினை எவ்விலை கொடுத்தும் வாங்க இயலாது. இடையறாமையே இவ்வாய்வின் உயிர்நாடி. ஆராய்ச்சியாளரின் கூர்மதி, கருவிகளின் நுட்பம் யாவும் அதற்கு அடுத்தபடியானவை. பிரித்தானியர் அந்தாட்டிக்காவின் ஹலி குடாவிலே 1957 தொடக்கம் வானிலுள்ள ஓசோனை அளந்து வந்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்வெண்கள் எவருக்கும் வேண்டாதனவாயிருந்தன. 1985 இல் மூவர் அவற்றைத் தொகுத்து வெளியிட்டபோது ஓசோன் படலத்தின் அழிவு உலகுக்குத் தெரிந்தது. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. பயனற்றதெனக் கூறி 1970 இல் அவ்வளவீட்டை எவரேனும் நிறுத்தியிருப்பின், அம்முடிவைச் சிக்கனம் என்று அன்று பாராட்டியிருப்பர்.

இலங்கையிலும் இத்தகைய தொடரொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய நிலையங்களில் மழை அளக்கப்பட்டு வருகின்றது. இன்று காலநிலை மாற்றம் பற்றி இந்நாட்டிலே எழுதப்படும் கட்டுரை எதனையும் அவ்வெண்களே தாங்கி நிற்கின்றன. மழையை அளந்து விற்று இலாபம் பெற எந்த வணிகரும் முன்வந்ததில்லை. அரசே அளந்தது, அதனாலேயே அது எல்லார்க்கும் உரியதாயிற்று.

மழைக்குச் செய்ததை மற்றெவற்றுக்குச் செய்துள்ளனர்? கடலை எடுத்துக்கொள்வோம். இலங்கைத் தீவைச் சூழ்ந்த கண்டமேடையின் மீன்வளத்தை முறையாக அளந்தறியும் பணியை 1978 தொடக்கம் 1980 வரை மூன்று பயணங்களில் நிறைவேற்றியது ‘டொக்டர் பிரிட்ஜொவ் நான்சன்’ என்னும் நோர்வே நாட்டு ஆய்வுக் கப்பல். அதன் பின்னர் நீர்வாழ் வளங்களை ஆராய்தற்கென 1981 இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி, நாரா எனப்படும் நிறுவனத்தை ஏற்படுத்தியது. ஆயினும் அதே பரப்பிலே அத்தகைய அளவீடு மீண்டும் நிகழ்ந்தது 2018 இலேயாகும். அப்பொழுதும் வந்தது அதே பெயர் தாங்கிய நோர்வேக் கப்பலே. இடைப்பட்ட முப்பத்தெட்டு ஆண்டுகளிலே ஒரு போர் தொடங்கி முடிந்தது, 2004 இன் கடற்கோள் கரையை அழித்தது, இழுவைப் படகுகள் பெருகின, மீன்பிடிக்கலங்கள் இயந்திரமயமாயின. இவற்றுள் எது மீனை எவ்வளவு குறைத்தது? இரண்டு புள்ளிகளை இணைத்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதனிடையே நிகழ்ந்த வரலாறு கிடைக்காது.

வடபகுதிக் கடற்றொழிலாளருக்கு இதனினும் கசப்பான உண்மையொன்று உண்டு. பாக்குக் குடா ஆழங்குறைந்த கடல். அத்தகைய பெருங்கப்பல் அதனுட் புகுந்து ஆழ்கடலைப்போல அளத்தல் இயலாது. தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் அங்குதான் வலைகளை அறுக்கின்றன, தரையை வழிக்கின்றன. 2017 இல் கடற்றொழிற் சட்டத்தைத் திருத்தி அடித்தள இழுவைமடியை இலங்கை தடைசெய்தது. இரு நாட்டு அமைச்சர்களும் சந்திக்கும் போதெல்லாம் கடல்வளம் அழிகின்றது என்ற முறைப்பாடு எழுகின்றது. அழிவு எவ்வளவென்று மேசைமேல் வைக்கத்தக்க தொடர்க்கணக்கு எங்கேயுள்ளது? இரவற் கப்பல் வாராத கடல், கணக்கிலும் வாராத கடலாகிவிட்டது. கடற்படைக்குக் கலங்கள் வாங்கிய அரசுக்கு, பாக்குக் குடாவுள்ளே செல்லத்தக்க சிறிய ஆய்வுப் படகொன்றை ஆண்டு முழுவதும் ஓட்டுவதற்கான டீசல் பெருஞ்சுமையாகிவிடுமா?

தரையிலும் கதை ஏறக்குறைய இதுவே. ஹென்றி திரைமன் தொடங்கி, அவர் 1896 இல் மறைந்த பின்னர் ஹூக்கர் முடித்துவைத்த இலங்கைத் தாவர நூல் 1893 தொடக்கம் 1900 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது. அதனை முழுமையாகத் திருத்தி எழுதும் பணி சுதந்திரம் பெற்று இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தினர் அதில் முன்னின்று உழைத்தனர் என்பது பெருமைக்குரியது. ஆயின் பணத்தின் பெரும்பகுதி வந்த வழியை மறைத்தலாகாது. அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வழியே வந்தது. அமெரிக்க உணவுப் பொருளுக்காக வறிய நாடுகள் தம் நாணயத்திலே செலுத்திச் சேர்ந்து கிடந்த தொகையையே அந்நிறுவனம் அந்நாளில் இத்தகைய ஆய்வுகளுக்குப் பயன்படுத்தியது. இலங்கையர் உண்ட கோதுமை மாவின் விலை அமெரிக்கக் கொடையாக உருமாறி இலங்கையின் புல்லையும் பூண்டையும் எண்ணத் திரும்பி வந்தது! தன் பணத்தைத் தானே நேராகச் செலவிட ஓர் அரசுக்கு மனமில்லாதபோது நிகழும் விந்தை இதுவாகும்.

சிங்கராஜ வனத்திலே இருபத்தைந்து ஹெக்டேயர் நிலத்தில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்களை ஒவ்வொன்றாக இலக்கமிட்டு அளந்து வரும் அரிய பணியும் வெளிநாட்டு நிறுவனங்களின் கைகொடுத்தலினாலேயே வேரூன்றியது. அதே வனத்தை 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்களைக் கொண்டு வெட்டியது அரசே என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

வெளிநாட்டார் உதவியை இழித்துரைப்பது இதன் நோக்கமன்று. அவர்களுள் நேர்மையானோர் பலர். அவர்களாலன்றேல் இருப்பதும் இருந்திராது. குறை பிறிதோரிடத்தில் உள்ளது. கொடை தருவோருக்குத் தம் நாட்டுப் பாதீடு உண்டு. தம் விருப்பம் உண்டு. மூன்றாண்டுத் திட்டம் முடிந்ததும் அவர்களின் பார்வை வேறொரு நாட்டை நாடும். ஆய்வுப் பொருளைத் தெரிபவரும் அவரே. முடிக்கும் நாளைக் குறிப்பவரும் அவரே. இத்தீவுக்கே உரிய தவளை இனங்கள் சிலவற்றின் நிலையை நோக்கினால் இதன் முடிவு எங்குச் சென்று நிற்கும் என்பது விளங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிடிக்கப்பட்டு ஐரோப்பிய அரும்பொருட் சாலைகளின் குப்பிகளில் மதுசாரத்தில் ஊறிக் கிடந்த தவளைகளை, அண்மைக் காலத்தில் இலங்கை ஆய்வாளர் சிலர் தேடிச் சென்று ஆராய்ந்து, அவை தனி இனங்களென 2005 இல் பெயரிட்டனர். பெயரிட்ட நாளிலேயே அவற்றுட் பல உலகிலிருந்து அற்றுப்போனவையாயிருந்தன. முற்றாக அற்றுப்போயின எனச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டுள்ள தவளை இனங்களுள் ஏறக்குறைய அரைவாசி இலங்கைக்குரியவை. பிறப்புச் சான்றும் இறப்புச் சான்றும் ஒரே நாளில் எழுதப்பட்ட உயிர்கள் அவை. அத்தேடலுக்கும் பெரும்பாலும் தனியார் அறக்கட்டளையொன்றே பொருள் வழங்கியது.

இந்நாட்டிலே சூழலாய்வுக்குப் பணம் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் துறையொன்று உண்டு. சுற்றாடற் சட்டத்துக்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பெருந்திட்டங்களுக்குச் சூழல்மீதான தாக்கத்தை மதிப்பிட்டு அறிக்கை சமர்ப்பித்தல் வேண்டும். அவ்வறிக்கையின் செலவை ஏற்பவர் திட்டத்தை முன்வைப்பவரே. கட்ட விரும்புபவர் பணம் கொடுக்கின்றார். கட்டலாமா என்று ஆய்வாளர் கூறுகின்றார். ஆய்வாளர் எத்துணை நேர்மையாளராயினும் அவருக்குத் தரப்படுவது சில மாதங்களே.

மன்னார்த் தீவிலே காற்றாலைகளுக்கெதிராக எழுந்த வழக்கும் கிளர்ச்சியும் இதற்கு உரைகல். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கப்பால் ஆட்டிக் கரையிலிருந்தும் வலசை வரும் பறவைகள் தங்குமிடம் மன்னார். அதன் அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் ஈரநிலமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. இந்தியத் தனியார் நிறுவனமொன்றின் பெருங் காற்றாலைத் திட்டத்துக்கெதிராக 2024 இல் உயர் நீதிமன்றிலே வழக்குகள் தாக்கலாயின. 2025 மாசியில் அந்நிறுவனம் தானாகவே விலகியது. காற்றிலிருந்து மின்சாரம் பெறுதல் நாட்டுக்கு வேண்டியதே. நிலக்கரியிலும் அது நன்று. எந்த மாதத்தில், எவ்வுயரத்தில், எத்திசையிற் பறவைகள் பறக்கின்றன என்பதை முப்பதாண்டுகளாக அரசு தன் செலவில் அளந்து வைத்திருப்பின், எங்கே கோபுரம் நாட்டலாம், எங்கே ஆகாது என்பது வழக்கறிஞர் வாதாடும் பொருளாகியிராது. மின்சாரம் வேண்டுவோரும் பறவை வேண்டுவோரும் பகைவராக நிறுத்தப்பட்டமைக்கு அளவீட்டின் வறுமை பெருங் காரணம். அங்கு வாழும் மீனவரை இருசாராரும் இறுதியிலேயே நினைத்தனர் என்பது வேறு கதை.

இவற்றுள் யாழ்ப்பாணத்து வாசகரை நேரே தொடுவது கிணறு. குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடி மறைவது. சுண்ணக்கற் பாறையினுள்ளே மாரி மழை தேங்கி நிற்பதே அங்குள்ளார் குடிக்கும் நீரும், தோட்டத்துக்கு இறைக்கும் நீரும். அதன்மேல் பசளையும் மலசலகூடக் குழிகளும் செறிந்துள்ளன. பல கிணறுகளின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் விதித்த இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டுகின்றது என்பதை 1980கள் தொடக்கம் ஆய்வுகள் காட்டிவந்துள்ளன. எனினும் அவ்வாய்வுகளின் தன்மை யாது? பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் ஓராண்டு அளக்கின்றார். ஆய்வேடு ஏற்கப்படுகின்றது. அடுத்த மாணவர் வேறு கிராமத்தை, வேறு கருவியால், வேறு மாதத்தில் அளக்கின்றார். துண்டுகள் பல உள, ஆடை இல்லை.

சுன்னாகத்து மின்னிலையச் சூழலிலே கிணறுகளில் எண்ணெய் மிதக்கின்றது என மக்கள் முறையிட்டபோது இவ்வறுமை அம்பலமாயிற்று. ஒரு சாரார் சோதனைகள் மாசு உண்டென்றன. மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவோ ஆபத்தான மாசு இல்லையென்றது. தாய்மார் எதனை நம்பிப் பிள்ளைகளுக்கு நீர் கொடுப்பது? 2014, 2015 ஆம் ஆண்டுகளில் தெருவிலிறங்கிய மக்கள் கேட்டது எளிய கேள்வி: இந்நீரைக் குடிக்கலாமா, ஆகாதா? அதற்கு ஒரே குரலில் விடை கூற எந்த நிறுவனத்தாலும் இயலவில்லை. அங்கிருந்தோர் அறிவிலிகளல்லர். முன்னைய ஆண்டுகளின் இடையறாத அளவீடு கையில் இருந்திருப்பின், புதிதாக வந்ததெது, பழையதெது என்று ஒரு வாரத்தில் பிரித்திருக்கலாம். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 சித்திரையிலே நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு தீர்ப்பாயிற்று. அத்தொகை கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்குதற்குரியது. அவற்றை இனித் தொடர்ந்து அளத்தற்குரியதன்று.

வறிய நாடு என்னும் வாதத்துக்கு இப்பொழுது திரும்பலாம். இலங்கை தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியிலே எல்லாவகை ஆய்வுக்கும் சேர்த்துச் செலவிடுவது நூற்றுக்கு 0.1 என்ற அளவைச் சற்றே கடந்தது. இந்தியா நூற்றுக்கு 0.6 அளவிலே செலவிடுகின்றது. அச்சொற்ப தொகையினுள்ளும் பயிர், மருத்துவம், தொழினுட்பம் ஆகியவை பங்கு பெற்ற பின்னர் காட்டுக்கும் கடலுக்கும் எஞ்சுவது எவ்வளவு? போர் முடிந்தது 2009 இல். இன்றும் பாதுகாப்புக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படுவது பல்லாயிரம் கோடி ரூபா. வறுமை எல்லாத் தலைப்பின் கீழும் ஒரேயளவாகத் தெரிவதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

அறியாமையே இந்நாட்டுக்கு அதிக செலவாயிருந்தது என்பதும் கணக்கிடத்தக்கது. 2021 வைகாசியிலே இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடைசெய்யப்பட்டது. மண்ணையும் நீரையும் காக்கவே என்றனர். பயிராராய்ச்சியாளர் எச்சரித்தனர், கேட்பாரில்லை. கார்த்திகையிலே தடை நீங்கியது. அதற்குள் பெரும்போக நெற்செய்கை வீழ்ந்துவிட்டது. சூழலின் பெயரைச் சொல்லிச் சூழலாய்வைப் புறக்கணித்த இந்நிகழ்ச்சி, விவசாயிகளிடம் சூழல் என்ற சொல்லையே வெறுப்புக்குரியதாக்கியது. அதே ஆண்டு அதே மாதத்திலே கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, ஆனி மாதம் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஆயிரம் தொன்னுக்கு மேற்பட்ட பிளாத்திக்கு மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. நட்டஈடு கோருபவர் முதலில் நிறுவ வேண்டியது யாது? கப்பல் எரியுமுன் அக்கடல் எவ்வாறிருந்தது என்பதே. கடலாமைகள் இறந்து ஒதுங்கின. வழக்கமாக ஒரு வைகாசியில் எத்தனை ஒதுங்கும் என்ற கணக்கு வேண்டும். நூறு கோடி டொலர் செலுத்துமாறு இலங்கை உயர் நீதிமன்றம் 2025 ஆடியிலே தீர்ப்பளித்தது. நாடு கடன்பட்டுச் சர்வதேச நாணய நிதியத்திடம் பெறும் தொகை ஏறத்தாழ முந்நூறு கோடி டொலர் என்பதை இதனோடு ஒப்பிடுக. கடலின் முன்னைய நிலையைக் காட்டும் ஏடு வெறும் ஏடன்று. அது நாட்டின் சொத்துறுதி.

இவ்வளவும் கூறிய பின்னர் பல்கலைக்கழகத்தாரையும் கேட்காது விடுதல் நேர்மையாகாது. பொதுப்பணத்தைக் கேட்பவர் பொதுமக்களுக்கு எதனைத் திருப்பிக் கொடுக்கின்றனர்? கிணற்று ஆய்வு ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. வெளிநாட்டுச் சஞ்சிகையில் வெளிவருகின்றது. அதனை வாசிக்கப் பலவேளை அப்பல்கலைக்கழக நூலகமே பணம் கட்ட வேண்டியுள்ளது. கிணற்றுக்குரியவர் தம் நீரைப் பற்றி அறியாதவராகவே இறக்கின்றார். அளவீடுகள் பேராசிரியரின் மேசையறையிலே பூட்டிக் கிடந்து, அவர் ஓய்வு பெறும்போது அவருடனேயே செல்வதும் உண்டு. பதவியுயர்வுக்கான புள்ளித் திட்டத்தில் ஒரு புதிய கட்டுரைக்கு உள்ள மதிப்பு, இருபதாண்டு தவறாது அளந்த ஒரு பதிவேட்டுக்கு இல்லை. அரசைச் சாடுவதற்கு முன்னர் பீடங்கள் தம் வீட்டைத் துப்புரவாக்கலாம். இதற்குத் திறைசேரியின் அனுமதி வேண்டியதில்லை. மனிதப் பண்பியற் பீடத்தாரும் இது விஞ்ஞான பீடத்தின் வேலை என ஒதுங்குதல் தகாது. கலைச்சொற்களை ஆக்கி, ஆய்வு முடிபுகளை நல்ல தமிழில் ஊரவர்க்கு எடுத்துரைக்கும் பணி யாருடையது?

கேட்கப்படுவது மாளிகையன்று. புதிய நிறுவனமும் புதிய பெயர்ப்பலகையும் வேண்டியதில்லை. அவை ஏற்கனவே மிகையாக உள்ளன. வேண்டியது, ஆண்டுதோறும் அமைச்சரின் மனநிலைக்கேற்ப ஏறியிறங்காத, சட்டத்தினால் உறுதிசெய்யப்பட்ட சிறியதொரு நிதி. இழுவைக் கலங்களின் தண்டப் பணத்திலும், பெருந்திட்டங்களின் அனுமதிக் கட்டணத்திலும், மண் அகழ்வோர் செலுத்தும் உரிமைப் பணத்திலும் ஒரு பங்கு அதற்குச் செல்லலாம். தாக்க மதிப்பீட்டுக்கான செலவைத் திட்டக்காரர் அந்நிதிக்கே கட்டட்டும். ஆய்வாளரைத் தெரிபவர் அவராயிருத்தலாகாது. தெரிந்தெடுத்த கிணறுகள், களப்புகள், காட்டுத் துண்டுகள், கடற்பரப்புகள் சில போதும். அவற்றை அளப்போர்க்கு நிரந்தர நியமனம் வேண்டும். அளந்த எண்கள் அவ்வாண்டிலேயே தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகிப் பிரதேச செயலகங்களிலும் கடற்றொழிலாளர் சங்கங்களிலும் கிடைக்க வேண்டும்.

வரவு செலவுத் திட்ட விவாதம் பெரும்பாலும் கார்த்திகையில் நடைபெறுவது. இழுவைப் படகுகளைப் பற்றி அங்கு உரத்துப் பேசும் வடபகுதி உறுப்பினர்கள், கடற்றொழில் அமைச்சின் தலைப்பு வரும் நாளில், பாக்குக் குடாவின் மீன்வளத்தை அளத்தற்கு வரும் ஆண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று ஒரு கேள்வி கேட்கலாம். அமைச்சர் கூறும் விடை, அது எத்தொகையாயினும், ஹன்சார்ட்டிலேனும் பதிவாகும்.